ஐம்பது பாகத்துக் களவா

சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சிவகாசி மீன் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சகம் என்று ஆறு நாள் ஓடிய ஊர், ஏழாம் நாள் காலையில் கூடையோடு வந்து நிற்கும். காசை எண்ணிக் கொடுக்கும் விரல்களின் நகக்கண்ணில் அலுமினியத் தூளின் வெள்ளி மினுக்கம் இன்னும் போயிருக்காது.

அப்படியொரு ஞாயிறு. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் கடைக்காரர் தூக்கிப் போட்ட மீனைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற சிறுமி பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்று கிலோவுக்குக் குறையாத களவா. உடம்பெங்கும் பழுப்புப் புள்ளிகள், தடித்த உதடு, முதுகில் முள்வரிசை. கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. வாய்க்குள் இளஞ்சிவப்பாக ஒரு சதைப்பை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன ஆச்சி, பலூன முழுங்கியிருக்கு?" என்றாள் சிறுமி.

"தூண்டில் மீன் தாயி. ஆழத்துல கெடந்தது. மேல இழுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார் கடைக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து ராத்திரி தூத்துக்குடில ஏத்துன மீன் அண்ணாச்சி, செவுளத் தூக்கிப் பாருங்க" என்றார்.

செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்விதான் என் மனதில் நின்றது. அவள் பலூன் என்று நினைத்தது மீனின் இரைப்பை. அது ஏன் வாய்க்கு வந்தது என்று தெரிந்துகொண்டாலே, இந்த மீன் வாழ்ந்த இடத்தைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

களவாவின் முதுகெலும்புக்குக் கீழே காற்றடைத்த பை ஒன்று உண்டு. கடற்கரையில் அதை நெட்டி என்பார்கள். மீன் அமிழ்ந்துபோகாமலும் மேலே மிதந்துவிடாமலும் ஒரே மட்டத்தில் நிற்பது அதனால்தான். சில மீன்களுக்கு நெட்டியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கும். காற்று மிஞ்சினால் ஏப்பம் விடுவதுபோல வெளியே தள்ளிவிடும். களவாவுக்கு அந்த வழி கிடையாது. மிஞ்சிய காற்றை ரத்தம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் இருப்பதைப்போல 11 மடங்கு. அங்கே ஓர் எலுமிச்சம்பழம் அளவு அடங்கிக் கிடந்த காற்று, மேலே வந்தால் 11 எலுமிச்சம்பழம் அளவுக்கு விரிந்தாக வேண்டும். தூண்டில்காரர் தங்கூசி நரம்பைச் சுருட்டி இழுக்க ஆகும் சில நிமிடங்களில் அது நடந்துவிடுகிறது. விரிந்த நெட்டி இரைப்பையை வாய்வழியே தள்ளுகிறது, கண்ணைப் பிதுக்குகிறது. சின்ன மீனாயிற்றே என்று இரக்கப்பட்டுத் திரும்பக் கடலில் விட்டாலும் அதனால் கீழே போக முடியாது. வயிறு உப்பி மேலேயே மிதந்து செத்துப்போகும், அல்லது பறவைக்கு இரையாகும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் எடை கட்டிய கொக்கியால் அத்தகைய மீனை மறுபடி ஆழத்துக்கே இறக்கிவிடும் பழக்கம் வந்திருக்கிறது. நம் கரையில் அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

சிவகாசிக் கரிசலுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1985 மார்ச் 15 வரை சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோதுதான் விருதுநகர் கடற்கரை இல்லாத மாவட்டமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புறப்படும் வைப்பாறு வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் தொட்டுக்கொண்டு போய் மன்னார் வளைகுடாவில்தான் விழுகிறது. அதே வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில், 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கடல் சங்கை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து அறுத்து வளையலாக்கிய மக்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். இன்று சங்குக்குப் பதில் ஐஸ் பெட்டி வருகிறது. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. இரவில் ஏலம் முடிந்து ஏறும் மீன், எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, கோழி கூவும் முன் சிவகாசிக்கு வந்துவிடும்.

களவா என்பது ஒரு மீனின் பெயர் மட்டுமில்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். உலகம் முழுக்க 160-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கழிமுகத்தில் வளர்வது உண்டு, பவளப்பாறையை விட்டு நகராதது உண்டு, 400 கிலோ வரை வளரும் ராட்சதக் களவாவும் உண்டு. அன்று நான் பார்த்த பழுப்புப் புள்ளிக்காரன் ஆழ்பார்களின் குடி. 'பார்' என்ற சொல்லை இங்கே விளக்கியாக வேண்டும். கடலடியில் மணலும் சேறுமாகப் போய்க்கொண்டிருக்கும் தரையில் திடீரென்று எழும்பி நிற்கும் பாறைத் திட்டுதான் பார். தூத்துக்குடிக்கு எதிரே முத்துக்குளித்தது பார்களில்தான். தொலையிரம் பார் என்று சொன்னால் வயதானவர்கள் இன்றும் முத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துப்பார்கள் கரைக்குப் பக்கத்தில், ஆள் மூழ்கிப் போகக்கூடிய ஆழத்தில் இருப்பவை. அவற்றையும் தாண்டி, ஐம்பது பாகம், அறுபது பாகம் என்று கயிறு இறங்கும் இடத்தில் இருக்கின்றன களவாவின் பார்கள். இரு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஐம்பது பாகம் என்றால் 90 மீட்டர். சிவகாசியில் எந்தக் கோபுரத்தைக் கவிழ்த்துப் போட்டாலும் அடி தட்டாது.

அந்த ஆழத்தில் பகல் என்பது மங்கிய நீலம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தை. நீலம்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் மீன் கடையில் செக்கச்செவேலென்று பளிச்சிடும் ஆழ்மீன்கள், தம் வீட்டில் இருந்தவரை கறுத்த நிழலாகத்தான் இருந்திருக்கும். சிவப்பு அங்கே ஒளிந்துகொள்ளும் நிறம். களவாவுக்கோ புள்ளியும் பழுப்பும்தான் மறைப்பு. பாறைப் பொந்தின் வாசலில் அசையாமல் கிடக்கும். நண்டோ கணவாயோ சிறு மீனோ பக்கத்தில் வந்தால், சட்டென்று வாயைப் பிளக்கும். அந்த ஒரு நொடியில் வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் தண்ணீரையும் இரையையும் சேர்த்து உறிஞ்சிவிடும். களவாவின் பற்கள் வழுக்குவதைப் பிடித்து நிறுத்துவதற்கு. கடித்து மெல்வதற்கு இல்லை. துரத்தி ஓடாத மீன் என்பதால்தான் அதன் சதை வெள்ளையாகவும் திரட்சியாகவும் இருக்கிறது. குழந்தைக்கு ஊட்டத் தோதாக முள்ளும் குறைவு. நாளெல்லாம் நீந்தித் திரியும் சூரையின் சதை ஏன் கருஞ்சிவப்பாக இருக்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

பாரைக் கண்டுபிடிப்பது ஒரு தனிப் படிப்பு. கருவிகள் வருவதற்கு முன்பே குமரிக் கடற்கரை மீனவர்கள் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலை உச்சியையும் ஒரே கோட்டில் பிடித்து, வேறொரு பக்கம் இன்னொரு கோட்டையும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். கணியம் என்பது அந்த வித்தையின் பெயர். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த கணியங்கள் இருந்தன. ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை இறக்கி, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கயிற்றிலேயே உணர்ந்து, குண்டு தட்டும் தரை சேறா பாறையா என்று விரல் நுனியில் தெரிந்துகொள்வார்கள். இன்று ஜி.பி.எஸ். அதே பாரைச் சில அடி துல்லியத்தில் காட்டிவிடுகிறது. ஒருவருக்குத் தெரிந்த பார் ஒரு வாரத்தில் நூறு பேருக்குத் தெரிந்துவிடுகிறது.

தாயே தகப்பனாகும் குடும்பம்

இந்த மீனைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை உட்காரவைத்த விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான களவாக்கள் பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. சில ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்து, முட்டையிட்டு, அதன் பிறகு அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. சினைப்பை இருந்த இடத்தில் விந்துப்பை உருவாகிவிடுகிறது. ஆக, ஒரு பாரில் இருக்கும் மிகப் பெரிய களவாக்கள் பெரும்பாலும் ஆண்கள். அவை எல்லாம் ஒரு காலத்தில் தாயாக இருந்தவை.

இதை மீன் கடையில் வைத்துப் பாருங்கள். பெரிய களவாவுக்குத்தான் விலை, விருந்துக்கு அதைத்தான் தேடுகிறோம். பெரியதையே பொறுக்கி எடுத்தால் அந்தப் பாரில் ஆண் குறையும். மிச்சமிருக்கும் பெண்களில் ஒன்று மாறி அந்த இடத்தை நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காலம் வேண்டும், அதுவரை பிழைத்திருக்க வேண்டும். மாறாக, ஒரு சாண் நீளக் குஞ்சுகளை வாரினால் அவை தாயாகும் முன்பே குழம்புக்குப் போய்விடுகின்றன. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மீன் இது.

இன்னொரு பலவீனமும் உண்டு. சாதாரண நாளில் தனித்தனியே பொந்தில் கிடக்கும் களவாக்கள், பல இனங்களில், ஆண்டின் குறிப்பிட்ட மாதத்தில், நிலாவின் கணக்கை அனுசரித்து, ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடும். வருடம் தவறாமல் அதே இடம். அந்த இடமும் நாளும் தெரிந்த படகு சில நாளில் ஒரு பாரையே காலி செய்துவிட முடியும். கரீபியன் கடலில் நசாவு களவாவுக்கு அதுதான் நடந்தது. அதன் முட்டைக் கூட்டங்கள் பல இடங்களில் அடியோடு மறைந்தே போயின.

முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எண்ணெய்த் துளி ஒன்றைச் சுமந்துகொண்டு மேலே மிதந்து வரும். பொரித்த குஞ்சு ஒரு மாதத்துக்கும் மேலாக நீவாட்டோடு அலையும். பிழைத்தவை கடற்புல் தரையிலும் பவளத் துண்டுகளுக்கு இடையிலும் வந்து ஒண்டும். வளர வளரத்தான் பல இனங்கள் ஆழம் நோக்கி இறங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளத்தையும் கடற்புல்லையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தது சங்கையும் பவளத்தையும் கடற்பசுவையும் காக்க என்றுதான் நினைக்கிறோம். ஆழத்தில் பிடிபடும் மீனுக்கும் தொட்டில் அங்கேதான் இருக்கிறது.

செவிக்கல் சொல்லும் வயது

கடைக்காரரிடம் கேட்டு அந்தக் களவாவின் தலையைப் பிளக்கச் சொன்னேன். குழம்புக்குத் தலைதான் ருசி என்பதால் அவருக்கு அது புதிதில்லை. மூளைக்குக் கீழே விரலை விட்டுத் துழாவியதும் இரண்டு வெள்ளைக் கற்கள் வந்தன. பூண்டுப் பல்லைக் குறுக்கே சீவியதுபோல இருந்தன. கழுவி வெயிலில் பிடித்தபோது விளிம்பில் மங்கலாக வரிகள் தெரிந்தன.

அதுதான் செவிக்கல். மீன் நிலைகுலையாமல் நிற்கவும் ஒலி கேட்கவும் உதவும் சுண்ணாம்புக் கல். பிறந்ததிலிருந்து ஏடு ஏடாக வளர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே மெல்லியதாக வெட்டி உருப்பெருக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல எண்ணலாம். அந்த ஏடுகளில் மீன் வாழ்ந்த தண்ணீரின் சாரமும் பதிந்துவிடுகிறது. உப்புக் கூடிய கடல்நீரில் இருந்த காலத்து ஏட்டில் ஸ்ட்ரான்ஷியம் கூடுதலாக இருக்கும். ஆற்று நீர் கலக்கும் முகத்துவாரத்தில் இருந்த காலத்து ஏட்டில் பேரியம் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டு பேரையும் சிவகாசியில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருவது. பச்சை நிறம் பேரியத்தால், அதாவது நம் ஊர் பச்சை உப்பால் வருவது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் தடுத்தது அதைத்தான். வானத்தில் ஒரு நொடி எரிந்து போகிற அதே தனிமங்கள், ஒரு மீனின் காதுக்குள் அதன் பிறந்த இடத்தையும் வளர்ந்த இடத்தையும் ஆயுள் முழுக்க எழுதி வைத்திருக்கின்றன.

வளையம் எண்ணுவது சரிதானா என்று சோதிக்க விஞ்ஞானிகள் பிடித்த வழியும் வெடிப்போடு தொடர்புடையதுதான். 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் திடீரென்று பெருகியது. அது கடலில் கரைந்து பவளத்திலும் செவிக்கல்லிலும் ஏறியது. அந்த முத்திரை எந்த ஏட்டில் இருக்கிறது என்று பார்த்தால் மீனின் வயது பிடிபடும். ஹவாய்த் தீவுகளின் ஆழ்கடல் களவா ஒன்று 70 ஆண்டுகளைத் தாண்டி வாழ்வது இப்படித்தான் உறுதியானது. அதே ஆழத்தில் அதன் அண்டைவீட்டுக்காரனான இளஞ்சிவப்பு ஆழ்கடல் ஸ்நாப்பர் 40 ஆண்டுகளைத் தாண்டுகிறது. நம் பார்களில் உள்ள களவாக்கள் எல்லாம் அத்தனை ஆயுள் கொண்டவை என்று சொல்ல வரவில்லை. சாளையைப்போல ஓராண்டில் முதிர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோகும் மீனாக இதை எண்ணிவிடக் கூடாது. தட்டில் இருக்கும் பெரிய களவாத் துண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வயதுடையதாக இருக்கலாம்.

குமரிக்குத் தெற்கே

களவாவைப் பற்றிப் பேசினால் வாட்ஜ் பேங்க்கைப் பற்றிப் பேசாமல் முடியாது. குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் கடலடி மேடு அது. பாறை, பவளம், மணல் எல்லாம் கலந்த தரை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர மேல்நீர் விலகிப் போக, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் எழும்பி வரும். அதில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னும் சிறு மீன் பெருகும், அதை விழுங்கும் களவாவும் விளைமீனும் பெருகும். 1920-களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆய்வுக் கப்பல் 'லில்லா' இந்த மேட்டின் செல்வத்தை அளந்து பார்த்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் கொழும்பிலிருந்து இழுவைக் கப்பல்கள் இங்கே வந்து போயின. 1960-களில் நம் பக்கத்தில் 'வருணா' ஆய்வுக் கப்பல் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறைத் தரைகளில் களவாவைத் தேடி ஆவணப்படுத்தியது.

1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத மேடை இல்லை. ஆனால் 1976 மார்ச் 23-ல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கடல் எல்லை வகுத்தபோது, வாட்ஜ் பேங்க் இந்தியாவின் உரிமைக்குட்பட்ட கடல் என்று அன்றே எழுதிக்கொண்ட கடிதங்களில் உறுதியானது. இலங்கையின் ஆறு கப்பல்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 2,000 டன் என்ற வரம்போடு, மூன்றாண்டுகள் அங்கே மீன்பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். இந்தச் செய்தி நம் பொது நினைவில் ஏறவே இல்லை. நமக்கென்று எழுதி வாங்கிய அந்த மேட்டை நாம் கவனித்துக்கொண்ட விதம் போதாது என்பது என் முடிவு. சமீப ஆண்டுகளில் குமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு தேட ஏலம் விட்டதை எதிர்த்து மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கரையோர ஊர்கள் மட்டும் கத்தினால் போதும் என்று உள்நாட்டில் இருந்துவிட்டோம். அங்கே கிடப்பது நம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும்தான்.

பாருக்கு இன்னொரு பகை, இழுவை மடி என்னும் வலை. கனமான மடி பாறையில் சிக்கினால் கிழிந்துவிடும் என்பதால் படகோட்டிகள் கரடான பாரைத் தவிர்ப்பார்கள். பாரின் ஓரங்கள் தப்பாது. அங்கே வாரும் கண்ணி சிறுத்த மடியில் களவாக் குஞ்சும் வரும். விலை போகாத குஞ்சு சங்காயம் என்னும் கழிமீனோடு சேர்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. அந்த நாட்களில் தூத்துக்குடி தெரேஸ்புரத்து நாட்டுப்படகுகளின் தூண்டிலில் வருவதுதான் சிவகாசிக்கு வரும் களவா. விலை ஏறும், மீன் குறையும், இருந்தாலும் அந்தத் தூண்டில் மீனுக்குக் கொடுக்கும் விலை சரியான விலை என்றே சொல்வேன். ஒரு கொக்கிக்கு ஒரு மீன், தரையைச் சுரண்டாமல் எடுத்தது.

குஞ்சுகளைக் காக்க, கேரளம் 58 வகைக் கடல் உயிரினங்களுக்கு இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று சட்டப்படி அளவு நிர்ணயித்திருக்கிறது. கடலில் போய் அளப்பது கடினம். சந்தையில் அளப்பது எளிது. வாங்குகிறவர் குஞ்சு மீன் வேண்டாம் என்று சொன்னால், ஏலத்தில் அந்தக் கூடையின் விலை கீழே போகும். தூத்துக்குடியில் அது எப்படியும் காதில் விழும்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போகும்போது, ஒரு சாணுக்குக் குறைந்த களவா தட்டில் கிடந்தால் எடுக்காதீர்கள். ஏன் வேண்டாம் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொள்வார். பக்கத்தில் சாளை இருக்கும், அதை வாங்குங்கள். நல்ல மீன், விலையும் குறைவு.